முப்பதில் ஒன்று எங்கள் ஹாலில்

ஆறு மாதமாக வெறுமையாகக் கிடந்த ஹால் சுவரில் நேற்றுதான் ஆணி அடித்தேன். அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டின் படம் ஒன்றின் அச்சுப் பிரதி. வெள்ளைத் தாளில் சாம்பல் கோடுகள், அவ்வளவுதான்.

1967இல் நியூயார்க்கை விட்டுக் கிளம்பியவர் சில ஆண்டுகள் வரையவே இல்லை. நியூ மெக்சிகோவில் தனியாக வாழ்ந்தார். பிறகு 1973இல் வந்தவை 30 ஸ்கிரீன் பிரிண்டுகள், அதாவது வலைத்திரை வழியாக மை இறக்கி அச்சிட்ட படங்கள். எங்கள் ஹாலில் இருப்பது அதில் ஒன்று. முப்பதிலும் கட்டங்களும் இணைகோடுகளும் மட்டுமே. ஆனால் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. கோடுகளுக்கு இடையிலான தூரம் கொஞ்சம் மாறினாலே பார்க்கிற நம் மூச்சும் மாறுகிறது. எனக்கு அப்படித்தான்.

"கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கேடா" என்றார் அம்மா. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அவரே அதன் எதிரில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து, "வாசல் தெளிச்சு, இன்னும் புள்ளி வைக்காத மாதிரி இருக்கு" என்றார். இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது.

வாங்க நினைப்பவர்களுக்கு: பிரேம் போடும்போது சுற்றிலும் தாராளமாக வெள்ளை மவுண்ட் (படத்துக்கும் பிரேமுக்கும் நடுவில் வரும் அட்டை) விடச் சொல்லுங்கள். பளபளக்கும் கண்ணாடி வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லிய கோடுகள் காணாமல் போய்விடும். நேர் வெயில் விழும் சுவரும் வேண்டாம்.

பக்கத்தில் வேறெதையும் மாட்டப் போவதில்லை.