கல்வத்தில் அரைத்த மின்முனை

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு ஆராய்ச்சி மாணவனாக வந்த முதல் வருடம், சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்கட்டு அறையில் குடியிருந்தேன். வீட்டுக்கார ஆன்ட்டியின் முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்கு மதராஸில் கப்பலேறியவர்கள். ஆன்ட்டிக்குத் தமிழில் கொஞ்சம் சொற்கள்தான் மிச்சம். ஆனாலும் காலையில் விரலைக் குத்தி மீட்டரைப் பார்த்ததும் என்னிடம் "ஒன்பது" என்று தமிழிலேயே சொல்வார். ஊரிலிருந்து அம்மா போனில் "160" என்பார். இங்கே மில்லிமோல், அங்கே மில்லிகிராம். 18ஆல் பெருக்கினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சர்க்கரை. அந்த மீட்டர் பட்டைக்குள் நடக்கிற வேலையைத்தான் ஆய்வகத்தில் செய்யப்போகிறேன் என்று இருவரிடமும் சொல்லியிருந்தேன்.

அடிப்படை பழையதுதான். 1962இல் கிளார்க்கும் லயன்ஸும் கரைசலில் ஆக்சிஜனை அளக்கும் மின்முனையோடு குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியைச் சேர்க்கும் யோசனையை வெளியிட்டார்கள். நொதி குளுக்கோஸைப் பிடிக்கும்போது கரைசலின் ஆக்சிஜன் குறையும். குறைகிற அளவை வைத்துக் குளுக்கோஸைக் கணக்கிடலாம். எனக்கு வந்த வேலை, மின்முனையை மாற்றுவது. வழக்கமான கார்பன் பசை மின்முனையில் கிராஃபைட் தூளைக் கனிம எண்ணெயில் குழைப்பார்கள். எண்ணெய் மின்சாரம் கடத்தாது. அதற்குப் பதில் அயனித் திரவம் ஊற்றினால், அதாவது தண்ணீர் சேராமலே திரவமாக இருக்கும் உப்பை ஊற்றினால், பிணைக்கிற பொருளும் கடத்தத் தொடங்கும். கூடவே கார்பன் நானோகுழாய், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கார்பன் குழாய், சேர்ந்தால் பரப்பும் கூடும். இமிடசோலியம் வகைத் திரவத்தோடு ஒற்றைச் சுவர் நானோகுழாயை அரைத்தால், கட்டுக் கட்டாக ஒட்டிக் கிடக்கும் குழாய்கள் பிரிந்து கூழ் போலாகும் என்று 2003இல் ஜப்பானில் ஐடா குழுவினர் காட்டியிருந்தார்கள்.

அரைப்பதற்கு அகேட் கல்வம். சித்த மருந்து அரைப்பவர்கள் சாமக் கணக்கில் அரைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன்; அதன் அருமை இங்கேதான் புரிந்தது. பத்து நிமிடத்தில் நிறுத்தினால் கரும் மணிகள் கண்ணுக்கே தெரியும். அரைமணி நேரம் சீராக அரைத்த பசை, கத்தி முனையில் எடுத்தால் பளபளவென்று வரும். நானோகுழாய்த் தூள் மூச்சில் போகவே கூடாது. முகக்கவசம் போட்டு, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து, முதலில் திரவம் விட்டு நனைத்துக்கொண்ட பிறகுதான் அரைக்க வேண்டும். நானோகுழாயில் தங்கியிருக்கும் இரும்பு, நிக்கல் மிச்சங்களும் வினைபுரியும் என்பதால் முன்னதாக நைட்ரிக் அமிலத்தில் கழுவிக்கொண்டேன்.

முதல் தவறு திரவத்தில். அலமாரியில் இருந்த டெட்ராஃபுளோரோபோரேட் உப்பை எடுத்துவிட்டேன். அது தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும். பசையை இடையகக் கரைசலில், அதாவது அமிலத்தன்மை எளிதில் மாறாத நீர்க்கரைசலில், இறக்கியதும் திரவம் மெல்ல மெல்லக் கரைந்து போயிற்று. மறுநாள் மின்முனை முனையில் பள்ளம். சரி என்று, தண்ணீரில் எளிதில் கரையாத ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட்டுக்கு மாறினேன்.

அதிலும் நிம்மதி இல்லை. அப்போது ஜனவரி கடைசி. இந்தியப் பெருங்கடல் பக்கத்திலேயே இருக்க, டர்பனில் சட்டை காயாத காலம். தைப்பூசக் காவடிக்குப் போய்வந்த சனி ஞாயிறு முழுதும் பசை மூடாமல் மேசையில் கிடந்தது. திங்கட்கிழமை பார்த்தால், குளுக்கோஸ் இல்லாமலே வரும் பின்னணி மின்னோட்டம் எகிறியிருந்தது. நொதியைக் குறை சொன்னேன், ஒப்பீட்டு மின்முனையைக் குறை சொன்னேன். ஆய்வகத்தில் இருந்த திருச்சி அக்காதான் கேட்டார்: "தம்பி, திரவத்தைக் காய வெச்சியா? அது காத்துல இருக்கிற தண்ணியக் குடிக்கும்ப்பா." தண்ணீரோடு கலக்காத திரவமும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் பாகுத்தன்மை இறங்கும், அளக்கக்கூடிய மின்னழுத்த எல்லை சுருங்கும். அன்றிலிருந்து திரவத்தை வெற்றிட அடுப்பில் 70 டிகிரியில் ஓர் இரவு வைத்து எடுத்த பிறகே தொடுவேன். குறிப்பேட்டில் அன்றைய ஈரப்பதத்தையும் எழுதுவேன். இந்த வேலையில் நான் கற்றவற்றில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

அப்புறம் ஆக்டைல்பிரிடினியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் என்ற, சூட்டில் உருகும் இன்னொரு அயனி உப்பு. அறை வெப்பத்தில் திடமாக இருந்து 65 டிகிரி பக்கம் உருகும். ஈரானில் சஃபாவி குழுவினர் 2006இல் இதை வைத்து கார்பன் மின்முனை செய்திருந்தார்கள். தூளோடு அரைத்து, 80 டிகிரியில் சில நிமிடம் சூடாக்கி, மின்முனைக் குழலில் அடைத்து ஆறவிட்டால் கெட்டியாக நிற்கும். வழவழத் தாளில் தேய்த்தால் புதுப் பரப்பு கிடைக்கும். மின்முனையின் வேகத்தைப் பார்க்கும் ஃபெர்ரிசயனைடு சோதனையில், மின்னோட்ட வரைபடத்து முகடுகளின் இடைவெளி குறையக் குறைய நல்லது. அது 70 மில்லிவோல்ட்டுக்கு வந்தபோது அறையில் யாரும் இல்லை. நான் மட்டும் கைதட்டினேன். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நொதியை இந்தச் சூட்டில் கலந்தால் அது செத்துவிடும். ஆறிய பரப்பின் மேல்தான், படலமாகப் படியும் கைட்டோசானோடு சேர்த்துப் பூச வேண்டும்.

நொதி பூசியதும் −0.45 வோல்ட் பக்கம் அழகான இரட்டை முகடு வந்தது. நொதிக்குள் இருக்கும் எஃப்ஏடி என்ற துணை மூலக்கூறு மின்முனைக்கு நேரடியாக எலக்ட்ரான் தருகிறது என்று இந்த மாதிரி முகடுகளைக் காட்டிப் பல கட்டுரைகள் சொல்கின்றன. நானும் அப்படியே எழுத உட்கார்ந்தேன். பேராசிரியர் ஒரே ஒரு சோதனை சொன்னார். நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை விரட்டி, குளுக்கோஸ் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். நேரடியாகத் தருவதாக இருந்தால் குளுக்கோஸ் சேர்த்ததும் முகடு உயர வேண்டும். சேர்த்தேன். முகடு அசையவே இல்லை. நொதியிலிருந்து கழன்ற எஃப்ஏடி நானோகுழாயில் ஒட்டினாலும் அதே இடத்தில் முகடு வரும். காற்று இருக்கும்போது மட்டும் குளுக்கோஸ் கூடக் கூட ஆக்சிஜன் மின்முனையில் எலக்ட்ரான் வாங்குவதால் வரும் மின்னோட்டம் குறைந்தது. நொதி உயிரோடுதான் இருந்தது, ஆனால் அது எலக்ட்ரானைக் கொடுத்தது ஆக்சிஜனுக்கு. எழுதியதைக் கிழித்துவிட்டு, ஆக்சிஜன் குறைவை அளக்கும் உணரி என்றே எழுதினேன். இரண்டு நாள் மனது சரியில்லை. ஆனாலும் அந்தச் சோதனையைச் செய்யாத கட்டுரையை இப்போது நான் நம்புவதில்லை.

இன்னொரு சின்ன விஷயம்: குளுக்கோஸ் கரைசலைக் கலக்கியவுடன் பயன்படுத்தாதீர்கள். குளுக்கோஸுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரு வடிவங்கள். நொதி பீட்டா வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆல்ஃபாவும் பீட்டாவும் சமநிலைக்கு வர ஓர் இரவு விட வேண்டும். நான் மாலையில் கலக்கி மூடிவிட்டு, ஏழு மணி டாக்ஸி பிடித்துச் சாட்ஸ்வொர்த் திரும்புவேன். "மெஷின் ரெடியா?" என்று ஆன்ட்டி கேட்பார். "நாளைக்குப் பார்க்கலாம் ஆன்ட்டி" என்பேன்.