டெம்பரவரிதானே அண்ணே

2004 ஏப்ரல் 20, பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் இருக்கும். சிங்கப்பூரில் ஒரு சைட்டில் பள்ளத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். மேலேயிருந்து சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "சார், நிக்கல் ஹைவே உள்ளே போயிருச்சாம்" என்றார். ஏதோ தண்ணீர்க் குழாய் வெடித்து ஓரமாகக் குழி விழுந்திருக்கும் என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தேன்.

சாயங்காலம் டிவியில் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. வட்ட ரயில் பாதைக்காக 30 மீட்டருக்கும் மேல் தோண்டியிருந்த பள்ளத்தின் சுவர்கள் மடங்கி, பக்கத்துச் சாலையையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தன. நான்கு பேர் இறந்தார்கள். தன் ஆட்களை மேலே ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் சிக்கிக்கொண்ட ஃபோர்மேனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அன்று காலையிலிருந்தே ஸ்ட்ரட்டுகளிலிருந்து 'டங் டங்' என்று சத்தம் கேட்டிருக்கிறது. மண்ணைத் தாங்கும் சுவர்கள் உள்ளே சாயாமல் குறுக்கே முட்டுக் கொடுக்கும் இரும்புத் தூண்கள்தான் ஸ்ட்ரட். அவை சுவரோரம் படுக்கையாக ஓடும் இரும்பு உத்தரமான வேலரில் வந்து உட்காரும் இடத்தில், அதை நசுங்காமல் விறைப்பாக வைக்கும் ஸ்டிஃபனர் பிளேட்டுக்குப் பதிலாக 'C' வடிவ இரும்பான சி-சேனல் வைத்திருந்தார்கள். சி-சேனலும் பலமானதுதான். ஆனால் தாங்கும் எல்லையைத் தாண்டினால் மெல்ல நசுங்காது, சட்டென்று கையை விரித்துவிடும். போதாததற்கு அங்கிருந்த மெரீன் கிளே என்ற மெதுவான கடல் களிமண்ணின் பலத்தைக் கணக்கில் கூட்டிப் போட்டிருந்தார்கள். சுவர் எவ்வளவு நகர்கிறது என்று கருவிகள் காட்டிக்கொண்டேதான் இருந்தன. அளவு தாண்டியதும் மறுபடி கணக்குப் போட்டு எல்லையை உயர்த்தினார்கள்.

விசாரணைக் குழுவின் அறிக்கையில் இதையெல்லாம் படித்தபோது யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அந்த விபத்துக்கு ஒரு வருடம் முன்னால் நானும் அதைத்தான் செய்திருந்தேன். எங்கள் சைட்டில் பிளேட் தீர்ந்துபோனது. யார்டில் கிடந்த சேனல் துண்டை வெட்டி வைத்து வெல்டு அடிக்கச் சொன்னேன். வெல்டர் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு, "டிராயிங்ல இதுவா சார் இருக்கு?" என்றார். "டெம்பரவரிதானே அண்ணே, மூணு மாசத்துல வெட்டி எடுக்கப்போறோம்" என்றேன்.

அதற்கப்புறம் தற்காலிகக் கட்டுமானங்களுக்கும் நிரந்தரக் கட்டுமானத்துக்குரிய அதே கண்டிப்பு வந்தது. 2006 மார்ச்சில் பழைய தொழிற்சாலைச் சட்டம் போய் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான நிலையில் வேலை நடந்தாலே போதும், விபத்து நடக்காவிட்டாலும் நடவடிக்கை எடுக்கலாம். நிறுவனத்துக்கு முதல் தடவையே 5 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம். பேப்பர் வேலையும் கூடியது. அதில் பாதி வெறும் கையெழுத்துச் சடங்கு என்று இப்போதும் நினைக்கிறேன். மீதிப் பாதிதான் என்னைத் திருத்தியது.

சில வருடம் கழித்து இன்னொரு சைட்டில் மறுபடியும் பிளேட் தட்டுப்பாடு. இந்த முறை டிசைனருக்குக் கடிதம் எழுதிவிட்டு மூன்று நாள் வேலையை நிறுத்தி வைத்தேன். கிரேன் சும்மா நின்றது, புராஜெக்ட் மேனேஜர் போனில் கத்தினார். அதே வெல்டர் அண்ணன் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ஒரு துண்டு வச்சோமே, அது என்ன ஆச்சு சார்?"

அதை வெட்டி எடுப்பதற்குள் அவர் வேறு சைட்டுக்கு மாறியிருந்தார்.

"எடுத்தாச்சுண்ணே" என்றேன். எடுக்கும்போது அது லேசாக வளைந்திருந்ததைச் சொல்லவில்லை.