13 நாள் லைசென்ஸ் இல்லாமல்

கட்டுநாயக்காவில் இருந்து யாழ்ப்பாணம் வரும் வழி. கனடாவில் இருந்து வந்த ஒரு குடும்பம் நான் ஓடுகிற வாடகை வானில். அன்ரி, மகள், மருமகன், இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒன்பது பெட்டிகள். விமானம் விடிய முன்னமே இறங்கிவிட்டது. புத்தளத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டு அநுராதபுரம் பக்கம் வந்துகொண்டிருந்தேன். 2023ஆம் ஆண்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி இருக்கும். ஒரு சின்னச் சந்தியைத் தாண்டும்போது மரத்தடியில் இருந்து ஒரு பொலிஸ்காரர் வீதிக்கு இறங்கிக் கையைக் காட்டினார்.

சந்தியின் பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பாதையில் ஓடுகிறவர்களுக்கு அப்படி இருபது சந்திகள் தெரியும்.

சிக்னல் போட்டு ஓரம் கட்டினேன். இஞ்சினை நிறுத்திவிட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். "ஸ்பீட் வெடியி" என்றார், வேகம் கூட என்று சிங்களத்தில். கருவியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன், மறுக்காமல் திருப்பிக் காட்டினார். 59. அந்த இடத்தில் எல்லை 50. திரும்பிப் பார்த்தேன். பலகை தெளிவாகத்தான் நின்றது, மறைக்க ஒரு மரக்கிளைகூட இல்லை. அதற்குப் பக்கத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் வரிசையாக விகாரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள், ஞாயிறு அறநெறிப் பாடசாலைக்கு. அவர்களை நான் வரும்போது கண்டேனா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கண்டதாக ஞாபகம் இல்லை. பின்னால் அன்ரி நல்லூர்த் திருவிழா பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார், நான் கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அதனால் பிழை என்னுடையது. அதில் எனக்கு வழக்கு இல்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

இங்கே வேகத்துக்குப் பிடித்தால் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டே 14 நாளைக்குத் தற்காலிக லைசென்ஸ். அந்த நாட்களுக்குள் எந்தத் தபாற்கந்தோரிலாவது தண்டப்பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டோடு பிடித்த பொலிஸ் நிலையத்துக்குப் போனால் லைசென்ஸ் கிடைக்கும். 14 நாள் தாண்டினால் தண்டம் இரட்டிப்பு. 28 நாளும் தாண்டினால் நீதிமன்றம். எல்லையை 20 வீதத்துக்குள் தாண்டினால் 3000 ரூபா, 2018 யூலையில் கூட்டிய கணக்கு. அதற்கு மேல் ஓடினால் தொகையும் படிப்படியாக ஏறும்.

உள்ளூரில் பிடித்தால் இது பெரிய விசயம் இல்லை. பக்கத்துத் தபாற்கந்தோருக்குப் போய்க் கட்டி, அரை மணித்தியாலத்தில் லைசென்ஸை எடுத்துக்கொண்டு ஓடலாம். எனக்கு அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, தபாற்கந்தோர் பூட்டு. வீடோ அங்கிருந்து 190 கிலோமீற்றருக்கு மேல்.

இதைப் பொலிஸ்காரரும் அறிவார், சாரதியும் அறிவார். இரண்டு பேரும் அறிந்த அந்த இடத்தில்தான் லஞ்சம் பிறக்கிறது. 3000 ரூபா கட்டி, ஒரு நாள் உழைப்பையும் விட்டு, இரண்டு பஸ் ஏறி வந்து லைசென்ஸை எடுப்பதா, இல்லை ஆயிரத்தை மடித்து இன்ஷூரன்ஸ் அட்டைக்குள் வைத்து நீட்டுவதா? நிறையப் பேர் இரண்டாவதைச் செய்கிறார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நாட்சம்பளத்துக்கு ஓடுகிறவனுக்கு ஒரு நாள் போனால் அடுப்பு அணையும்.

அன்ரி கண்ணாடியை இறக்கி, "தம்பி, ஏதாவது குடுத்துப் போட்டு வாங்கோ. பிள்ளையள் களைச்சுப் போச்சினம்" என்றார். கையில் இருபது டொலர் தாள் ஒன்று. அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. முப்பது வருசம் கழித்து ஊருக்கு வருகிறவர், வீதியில் மறித்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்தது அந்தக் காலத்து வழி. "இல்லை அன்ரி, நான் எழுதுவிக்கிறன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், எனக்கு வான் ஓடப் பழக்கிய பெரியப்பா ஒருநாளும் கொடுத்ததில்லை. அவர் ஏ9 வீதியில் ஓடிய காலம் வேறு. 2002இல் போர்நிறுத்தத்தோடு பாதை திறந்தபோது ஓமந்தையில் இராணுவம் ஒருமுறை இறக்கிச் சோதிக்கும். பிறகு வன்னிக்குள் புலிகளின் காவல்துறை. அவர்களும் வேகம் பார்த்துத் தண்டம் எழுதினார்கள், பற்றுச்சீட்டுத் தந்தார்கள். பிறகு முகமாலையில் திரும்ப இராணுவம். ஒரு நாள் பயணத்தில் எத்தனை தரம் இறங்கி ஏறுவது என்று கணக்கு இல்லை. 2006 ஓகஸ்டில் பாதை பூட்டுமட்டும் அவருக்கு இதுதான் பிழைப்பு. மறிக்கிறவர் யாராக இருந்தாலும் அவர் செய்வது ஒன்றுதான். பேப்பர் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் ஒழுங்காக வைத்திருப்பார், கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுப்பார், கேட்காததைச் சொல்லமாட்டார். "காசு குடுத்தால் அடுத்த தரமும் உன்ர முகம் அவனுக்கு ஞாபகம் இருக்கும்" என்பார்.

என்னுடைய ஃபைலும் அப்படித்தான். முதலில் லைசென்ஸ், பிறகு ரெவனியூ லைசென்ஸ், பிறகு இன்ஷூரன்ஸ், கடைசியில் புகைச் சான்றிதழ். ரெவனியூவும் இன்ஷூரன்ஸும் முடிகிற திகதியை ஃபைலின் வெளிப்பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். இரவில் மறித்தால் உள் லைற்றைப் போட்டுவிட்டுத்தான் இறங்குவேன். ஆர் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்தால் மறிக்கிறவருக்கும் பதற்றம் குறையும், பேச்சும் குறையும்.

சரி, சீட்டு எழுதினார். அச்சடித்த எழுத்து மூன்று மொழியிலும் இருந்தது. கையால் நிரப்பியது முழுவதும் சிங்களம். எனக்குச் சிங்களம் பேச வரும், பதினாலு வருச ஓட்டத்தில் வந்தது. எழுத்துத் தெரியாது. "இதில் என்ன எழுதியிருக்கிறீர்கள்" என்று கேட்டேன். "ஸ்பீட், ஸ்பீட்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாகனத்துக்குக் கையைக் காட்டப் போய்விட்டார். அவர் மரியாதைக் குறைவாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் என் பெயர் எழுதிய ஒரு பேப்பரை, அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். மொழிக்குப் பொறுப்பான சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. வடக்குக் கிழக்குக்கு வெளியிலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் அல்லது ஆங்கிலத்தில் தொடர்புகொள்ளலாம் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. வீதியோரத்தில், பிள்ளைகள் அழுகிற வானுக்குப் பக்கத்தில் நின்று, உறுப்புரை இலக்கம் சொல்லிக்கொண்டிருக்க ஏலாது. அதை அங்கே பேச வேண்டியவன் நான் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தச் சந்தியில் நிற்கிறவருக்குத் தமிழ் படிப்பிக்க வேண்டியது அவரை அங்கே அனுப்பியவர்கள்.

திங்கட்கிழமை யாழ்ப்பாணத்தில் காசைக் கட்டினேன். தபாற்கந்தோரில் ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

அடுத்த விமான நிலைய ஓட்டம் வரும், போகிற வழியில் இறங்கி எடுக்கலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. கல்யாண வீடு, கீரிமலை, நயினாதீவுக்குப் போகிறவர்களைக் குறிகட்டுவானில் இறக்குவது என்று எல்லாம் உள்ளூர் ஓட்டம். ஒவ்வொரு தரமும் பொலிஸ் மறித்தால் சீட்டைக் காட்ட வேண்டும். காட்டினால் உடனே "என்ன செய்தாய்" என்ற கேள்வி. வானில் இருக்கிற ஆட்கள் முன்னுக்கு எட்டிப் பார்ப்பார்கள். மணப்பெண் வீட்டுக்காரர் ஒருவர், "தம்பி வேகமா ஓடுற ஆளோ" என்று நேரே கேட்டார். "ஒருக்கா ஓடிப் பிடிபட்டனான் அண்ணை, இப்ப ஓடுறேல்லை" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பின்னால் இருந்து வேகமுள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

13ஆம் நாள் வெள்ளிக்கிழமை விடிய முதல் பஸ்ஸில் வவுனியா போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போனேன். வானில் போயிருக்கலாம். டீசல் காசு தண்டத்தை விடக் கூடும்.

பொலிஸ் நிலையத்தில் ஒன்பதரைக்கு நின்றேன். போக்குவரத்துப் பிரிவுப் பொறுப்பதிகாரி நீதிமன்றம் போய்விட்டார், லைசென்ஸ்கள் வைத்த அலுமாரித் திறப்பு அவரிடம், பின்னேரம் வாருங்கள் என்றார்கள். வளவுக்கு வெளியே ஒரு மருத மரம், அடியில் வாங்கு. எனக்கு முன்னமே அங்கே மூன்று பேர். ஒருவர் மன்னாரில் இருந்து கருவாடு ஏற்றும் லொறிக்காரர், ஒருவர் மட்டக்களப்புப் பொடியன், மற்றவர் புத்தளம், மீன் லொறி. மூன்று பேருக்கும் வேகம்தான். லொறிக்கு ஊருக்கு வெளியே எல்லை 60, வானுக்கு 70. "60இல் ஓடினால் ஐஸ் உருகிவிடும், 80இல் ஓடினால் லைசென்ஸ் உருகிவிடும்" என்று புத்தளத்துக்காரர் சொன்னார். மீனை வாங்குகிறவர் மணி பார்த்துத்தான் விலை பேசுவார் என்றார். ஆறு மணிக்கு ஒரு விலை, எட்டு மணிக்கு ஒரு விலை. அவருக்கு அந்த இரண்டு மணித்தியாலம் உண்மையான காசு.

எனக்கு அப்படி இல்லை. வாங்கில் இருந்தபடி கணக்குப் பார்த்தேன். வவுனியாவில் இருந்து யாழ்ப்பாணம் 140 கிலோமீற்றர். 70இல் போனால் இரண்டு மணித்தியாலம். 90இல் போனால் ஒன்றரை மணித்தியாலமும் மூன்று நிமிடமும். மிச்சம் 27 நிமிடம். அந்த 27 நிமிடத்துக்காக நான் கிளிநொச்சி, பரந்தன் பக்கம் இரவில் எத்தனை தரம் 90இல் ஓடியிருக்கிறேன்! தார் சூடு ஆறாத வீதியில் மாடுகள் படுத்திருக்கும். கறுத்த மாடு என்றால் கண் மட்டும்தான் தெரியும், அதுவும் அது நம் பக்கம் திரும்பினால்தான். 90இல் ஒரு செக்கனுக்கு 25 மீற்றர் போகிறோம். மாட்டைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும்போதே அந்த 25 மீற்றர் முடிந்துவிடும்.

அந்த மரத்தடியில் இன்னொன்றும் நடந்தது. புத்தளத்துக்காரருக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும். என் சீட்டை நீட்டி, "நானா, இதை ஒருக்கா வாசியுங்கோ" என்றேன். ஒவ்வொரு கோடாக விரல் வைத்து வாசித்தார். என் பெயர். வான் இலக்கம். திகதி, நேரம் 8.35. சந்தியின் பெயர். வேக எல்லை 50, ஓடிய வேகம் 59. அவ்வளவுதான். ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. 13 நாளாக அந்தப் பேப்பரில் வேறு என்னவோ எழுதியிருக்கிறது என்று நினைத்து இரவில் இரண்டு தரம் எழும்பி எடுத்துப் பார்த்தவன் நான். அதை எழுதியவரைப் பற்றி எனக்குள் வைத்திருந்த சந்தேகத்துக்காக அந்த வாங்கில் இருந்து வருத்தப்பட்டேன். என்ன எழுதினேன் என்று அன்றைக்கே இரண்டு வரி சொல்லியிருந்தால் அந்தச் சந்தேகமே வந்திருக்காது.

2025 ஏப்ரலில் அநுராதபுரம் – குருநாகல் வீதியில் கவ்பே என்று ஒரு முறையைச் சோதனையாகத் தொடங்கினார்கள். தண்டத்தை அந்த இடத்திலேயே கைபேசியில் கட்டலாம், லைசென்ஸும் அங்கேயே கைக்கு வரும். செய்தியைக் கேட்டபோது எனக்கு அந்த மருத மரம்தான் ஞாபகம் வந்தது. அந்த முறை எல்லா வீதிக்கும் சரியாக வந்துவிட்டால் அட்டைக்குள் மடித்து வைக்கிற ஆயிரத்துக்கு அரைவாசிக் காரணம் போய்விடும். 190 கிலோமீற்றர் திரும்பி வர வேண்டாம் என்றால், கட்டிவிட்டுப் போகவே யாரும் நினைப்பார்கள். அப்படியும் காசு கேட்கிறவரைச் சந்தித்தால், லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்தைக் கைபேசியில் போட்டு வைத்திருங்கள். நான் போட்டு வைத்திருக்கிறேன்.

பொறுப்பதிகாரி இரண்டு மணிக்குப் பிறகு வந்தார். பற்றுச்சீட்டைப் பார்த்தார், புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார், லைசென்ஸைத் தந்தார். இரண்டு நிமிடம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சாரதிக்குப் பின் சீற் கிடைத்தது. ஓட்டம் நல்ல வேகம். கொஞ்சத் தூரம் போக எதிரே வந்த லொறி ஒன்று இரண்டு தரம் லைற் அடித்தது. சாரதி உடனே காலை எடுத்தார், பஸ் மெதுவானது. வளைவைத் தாண்ட, மரத்தடியில் இரண்டு பேர் கருவியோடு நின்றார்கள். அவர்களைத் தாண்டி ஒரு கிலோமீற்றர் போயிருக்காது, பஸ் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. நான் எழும்பி முன்னுக்குப் போய், "அண்ணை, கொஞ்சம் பாத்து ஓடுங்கோ, இனி மாடு நிக்கிற இடம்" என்றேன். திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கியரைக் குறைத்தார்.