ஜாலான் குக்கோ சனிக்கிழமைகள்

பிப்ரவரி 7, 2026, சனி

சிங்கப்பூர் ஜாலான் குக்கோவில், அரசு வாடகை அடுக்குமாடி புளோக்கின் கீழே பாய் விரித்து "கரடி பொம்மை மருத்துவமனை" நடத்தினோம். பிள்ளைகள் பொம்மையைத் தூக்கிவருவார்கள்; பொம்மைக்கு அவர்கள்தான் அம்மா, அப்பா; நாங்கள் டாக்டர். ஊசி, ஸ்டெதஸ்கோப் பயம் போகட்டும் என்று பல நாடுகளில் மருத்துவ மாணவர்கள் செய்வதுதான். எனக்குப் பிடித்த காரணம் வேறு. தன்னைப் பற்றிக் கேட்டால் வாயே திறக்காத பிள்ளை, பொம்மையைப் பற்றிக் கேட்டால் மளமளவென்று சொல்லும்.

"முயலுக்கு என்ன செய்யுது?"

"தூங்கவே மாட்டேங்குது அக்கா. அப்பா வேலை முடிஞ்சு வந்ததும் லைட் போடுவாங்க."

ஐந்து வயதுப் பையன். முயலுக்குக் கட்டுப் போட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 14, சனி

இன்று பல். ஆறு வயது வாக்கில் கடைவாயில் ஒரு பல் முளைக்கும். எந்தப் பால் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கும். இதுவும் விழுகிற பல்தானே என்று பெரியவர்கள் விட்டுவிடுகிறார்கள். இல்லை, அது நிரந்தரப் பல். சொத்தையானால் அந்த இடத்தில் இன்னொன்று முளைக்காது. பிரஷ் எட்டாத மூலை என்பதால் பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். ஒரு அம்மா மகளின் வாயைத் திறந்து, கைபேசி வெளிச்சத்தில் அந்தப் பல்லைத் தேடிக் கண்டுபிடித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் 1950களிலிருந்தே ஃபுளோரைடு கலக்கிறார்கள். ஆனாலும் பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் பிள்ளைக்கு அது மட்டும் போதாது. புட்டியை ஏன் கொடுக்கிறார்கள் என்று விசாரித்தால், பதில் மறுபடியும் தூக்கத்தில்தான் வந்து நிற்கிறது. ஒருவர் அழுதால் வீடே விழித்துக்கொள்ளும்.

பிப்ரவரி 21, சனி

சீனப் புத்தாண்டு வாரம், கூட்டம் குறைவு. வந்த பிள்ளைகளோடு வெயிலில் பந்து விளையாடினோம். பகல் வெளிச்சத்தில் இருப்பது கிட்டப்பார்வை வராமல் காக்க உதவும், அதனால் இதுவும் எங்கள் வேலைதான்.

பிப்ரவரி 28, சனி

முயல் பையனின் பாட்டி மேலே கூப்பிட்டார். "வா பாப்பா, டீ குடிச்சிட்டுப் போ." ஓரறை வாடகை வீடு, இந்த வகை வீடுகள் பெரும்பாலும் 23 முதல் 33 சதுர மீட்டர்தான். கூடம், படுக்கை, படிப்பு எல்லாம் அங்கேயே. மகனுக்கு இரவு வேலை.

எங்கள் துண்டுத்தாளில் "பிள்ளையை இருட்டான, அமைதியான அறையில் 9 மணிக்குப் படுக்க வையுங்கள்" என்று இருக்கிறது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த அறையில்? அறையே இல்லாத வீட்டில் இந்த வரியைப் படிப்பவருக்குக் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும்.

பாட்டியே ஒரு வழி செய்திருந்தார். பழைய சேலையை இரண்டாக மடித்துக் கயிற்றில் தொங்கவிட்டு, பேரன் படுக்கும் மூலையை மறைத்திருக்கிறார். மகன் இனிமேல் கூடத்து விளக்கைப் போடாமல் குளியலறை விளக்கில் உடை மாற்றிக்கொள்வாராம்.

மாலையில் குழுவில் நெடுநேரம் வாதம். மருத்துவ ஆலோசனை தெளிவாக, ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றான் ஒருவன். சரி, ஆனால் யார் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்காமல் சொல்லும் ஆலோசனை யாருக்கு? கடைசியில் அந்த வரியை அடித்துவிட்டோம். அடுத்த சனிக்கிழமை நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, யார் எங்கே படுக்கிறார்கள் என்பதுதான். சேலைத் திரை யோசனையும் பாட்டியிடம் கேட்டுத் தாளில் ஏறுகிறது, தமிழிலும் மலாயிலும் சீனத்திலும்.