எட்டு மணி ஆளுக்கு ஒரு இலக்கு

ஜனவரி 1

ஏழு தீர்மானங்கள். காலை ஐந்து மணிக்கு எழுவது, ஒரு மணி நேரம் ஓடுவது, சர்க்கரையை அடியோடு நிறுத்துவது, மூன்று மாதத்தில் பத்து கிலோ குறைப்பது, பத்து மணிக்குத் தூங்கப்போவது. மற்ற இரண்டும் இதே ரகம். எழுதி முடித்துவிட்டு, போன வருட நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதே ஏழு. ஒன்பது பக்கம் வரை எழுதியிருக்கிறேன், அப்புறம் வெற்றுத்தாள்.

ஜனவரி 6

இந்தத் தடவை ஒன்பது பக்கம்கூடத் தாங்கவில்லை. மூன்றாம் தேதி நாற்பது நிமிடம் ஓடினேன். நான்காம் தேதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் மாடிப்படி இறங்க முடிந்தது. முழங்கால் இன்னும் வலிக்கிறது.

படுத்துக்கொண்டே யோசித்தேன். தீர்மானம் எழுதியவன் விடுமுறை நாளில் நன்றாகத் தூங்கி எழுந்த ஆள். அதைச் செய்ய வேண்டியவனோ இரவு எட்டு மணிக்குப் பசியோடும் எரிச்சலோடும் வீடு திரும்புகிற ஆள். முதல் ஆள் இரண்டாம் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜனவரி 10

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மூன்று மாத சர்க்கரை அளவு, அதாவது எச்பிஏ1சி, 6.0. 5.7 முதல் 6.4 வரை என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. பத்து கிலோ திட்டத்தைச் சொன்னேன். மருத்துவர் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். "உங்கள் எடையில் நூற்றுக்கு ஏழு குறைந்தாலே போதும், அதுவும் மெதுவாக" என்றார். நான் 84 கிலோ. கணக்குப் போட்டால் ஆறு கிலோகூட வரவில்லை.

வீட்டுக்கு வந்து இந்த ஏழு சதவீதம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் என் போன்ற எல்லைக்கோட்டு ஆட்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வு, 2002ல் முடிவு வந்தது. ஒரு பிரிவினருக்குக் கொடுத்த இலக்கு இரண்டுதான்: எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பு. சுமார் மூன்று ஆண்டுகளில் அவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த பிரிவில் 31 சதவீதம். (மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பிடத்தான் வேண்டும். எனக்கு இன்னும் எழுதவில்லை.) அவர்களில் யாரும் ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்று எங்கேயும் காணோம்.

ஜனவரி 12

ஏழு தீர்மானங்களையும் அடித்துவிட்டு ஒன்றே ஒன்று எழுதினேன். இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும் ஷூ மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடப்பது. நேரம் குறிக்கவில்லை. எட்டு மணி ஆள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, ஆனால் தட்டை எப்படியும் கழுவுவான்.

மகள் பார்த்துவிட்டு, "அப்பா, பத்து நிமிஷமெல்லாம் ஒரு நடையா?" என்றாள். நியாயமான கேள்வி. முன்பெல்லாம் ஒரே தடவையில் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தது. 2020ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், இப்போது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சேர்த்தி. ஆனால் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை என்கிறார்கள். என்னுடையது 70, பாதிகூட இல்லை. இருக்கட்டும். போன வாரம் பூஜ்யம்.

ஜனவரி 19

ஏழு நாளும் நடந்தேன். காலையில் எடை பார்த்தால் 85.2. ஒரு கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது! எடை இயந்திரத்தை மாடியிலிருந்து போட்டுவிடலாமா என்று தோன்றியது.

கொஞ்சம் ஆறியபின் புரிந்தது. முந்தின நாள் உப்பு அதிகமாகச் சாப்பிட்டால்கூட உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரே நாளில் ஒன்று இரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். இனி எடை வாரத்துக்கு ஒரு தடவை, காலை எழுந்ததும். தினமும் பார்ப்பதற்கு நாட்காட்டி இருக்கிறது. நடந்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான்.

பிப்ரவரி 3

சர்க்கரை. ஒரு நாளைக்கு நாலு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு சின்னக் கரண்டி. கரண்டிக்கு 4 கிராம் வைத்தால் 32 கிராம், காபியில் மட்டும். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நண்பர் ஒருவர், "ஒரேயடியாக நிறுத்து, மூன்று நாள்தான் கஷ்டம்" என்றார். அவர் ஒரேயடியாக நிறுத்தி நான் ஐந்து தடவை பார்த்திருக்கிறேன். நான் இரண்டை ஒன்றரை ஆக்கியிருக்கிறேன். நாக்குக்கு இன்னும் தெரியவில்லை.

பிப்ரவரி 16

காய்ச்சல். 11 முதல் 14 வரை நாட்காட்டியில் நாலு வெற்றுக் கட்டங்கள்.

பழைய ஆளாக இருந்தால் இதோடு நோட்டை மூடியிருப்பேன். 21 நாள் விடாமல் செய்தால்தான் பழக்கம், நடுவில் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து என்று யாரோ மனதில் ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? முகம் மாற்றிக்கொண்ட நோயாளிகளுக்குப் புது முகம் பழகச் சுமார் 21 நாளாவது ஆகிறது என்று 1960ல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியது. என் நடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2009ல் வெளியான ஆய்வில் பழக்கம் பிடிக்க ஆன நாட்களின் நடுமதிப்பு 66. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை போகிறது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. எனக்கு நாலு நாள் போயிருக்கிறது. சரி, பரவாயில்லை. நேற்று ஐந்து நிமிடம் நடந்தேன். குறி போட்டேன்.

மார்ச் 1

இன்றிலிருந்து இருபது நிமிடம். பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தால் ஏதோ குறைவது போல் இருந்தது, அதனால்தான். உடம்பு சரியில்லாத நாளுக்கு ஐந்து நிமிடம் அப்படியே இருக்கும். அலுவலகத்தில் ஒருவர் தினமும் பத்தாயிரம் அடி எடுத்து வைத்து நடப்பது பற்றியே பேசுகிறார். அந்த எண் 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 18

அறுபத்தாறாவது நாள். பெருக்கல் குறிகளை எண்ணினேன், 57. பழக்கம் பிடித்துவிட்டதா என்றால் இல்லை. போன வாரம் இரண்டு இரவு சோபாவில் சாய்ந்துவிட்டேன், மகள் ஷூவைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். ஆனால் நேற்று மழை. எப்போது விடும் என்று கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடை 82.3. காபியில் ஒரு கரண்டி. ரத்தப் பரிசோதனை அடுத்த மாதம்.

தசைக்கான பயிற்சியும் வாரத்தில் இரண்டு நாள் வேண்டுமாம். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருப்பது என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் 15 என்று போட்டேன். அப்புறம் எட்டு மணி ஆளை நினைத்துப் பார்த்து, அதை அடித்து 6 என்று எழுதினேன்.