கண்ணீர் விட்ட மேலாளர்

ஃபிராங்க் ராபின்சன் என்றதும் பேஸ்பால் ரசிகர்கள் பலருக்கு அவர் அடித்த 586 ஹோம் ரன்கள் (பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து ஓட்டம் எடுக்கும் அடிகள்) நினைவுக்கு வரும். எனக்கு அவர் அழுத நாள்தான் வரும்.

1935இல் டெக்சாஸில் பிறந்து, ஓக்லாந்தில் வளர்ந்தவர். 1956இல் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு வந்த முதல் ஆண்டிலேயே 38 ஹோம் ரன்கள் அடித்தார். முப்பது வயதானதும், இனி இவர் ஆட்டம் இறங்குமுகம்தான் என்று எண்ணிய நிர்வாகம் அவரை பால்டிமோருக்கு மாற்றிவிட, மறு ஆண்டே 49 ஹோம் ரன்கள் அடித்து, அணிக்கு 122 ஓட்டங்களைச் சேர்த்துத் தந்து, தம் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். அமெரிக்காவின் உச்சமட்ட பேஸ்பால் அணிகள் இரண்டு லீகுகளாகப் பிரிந்து ஆடுபவை. இரண்டு லீகுகளிலும் அவ்விருதைப் பெற்ற முதல் வீரர் அவரே.

ஆனால் களத்தில் அணியை வழிநடத்தும் மேலாளர் பதவி மட்டும் கறுப்பின வீரர்களுக்கு மறுக்கப்பட்டே வந்தது. கறுப்பினத்தவரை உச்சமட்ட ஆட்டத்துக்கு வெளியே வைத்திருந்த நிறத்தடையை 1947இல் உடைத்த வீரர் ஜாக்கி ராபின்சன், ஒரு கறுப்பின மேலாளரைக் காண விரும்புவதாக 1972 அக்டோபரில் மைதானத்தில் நின்று சொன்னார். ஒன்பதே நாளில் மறைந்தார். ஃபிராங்க் அதற்குள் பல குளிர்காலங்களாக புவேர்ட்டோ ரிக்கோவில் ஓர் அணியை நடத்தி, அந்தத் தொழிலைக் கற்றுவந்திருந்தார். 1975 ஏப்ரல் 8 அன்று கிளீவ்லாந்தில் முதல் கறுப்பின மேலாளராக அவர் களம் கண்டபோது, தொடக்கச் சடங்காக முதல் பந்தை எறிந்தவர் ஜாக்கியின் மனைவி ரேச்சல். வீரராகவும் தொடர்ந்ததால் மட்டையாளர் வரிசையில் தம்மையே இரண்டாவதாக எழுதிக்கொண்ட ஃபிராங்க், மட்டை பிடித்த முதல் முறையிலேயே ஹோம் ரன் அடித்தார், அணியும் வென்றது.

1977இல் அங்கிருந்து நீக்கப்பட்டார். 1988இல், முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்றிருந்த பால்டிமோர் அணியை ஏற்றபின் மேலும் பதினைந்து தோல்விகளைத் தாங்கினார்; அடுத்த ஆண்டே அதே அணி 87 ஆட்டங்களில் வென்றது.

அவர் அழுதது 2006 மே மாதத்தில், வாஷிங்டன் அணியின் மேலாளராக இருந்தபோது. மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சராக ஆடிய மாட் லக்ராயின் தடுமாறிய எறிதலைப் பயன்படுத்தி எதிரணியினர் ஏழு பேஸ்களைத் திருடிவிட (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்துவிட), இன்னிங்ஸ் முடியும்வரைகூடப் பொறுக்காமல் அவரை வெளியே அழைத்தார். அணி வென்றது. ஆயினும் ஒரு வீரரைப் பலர் முன்னிலையில் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று, செய்தியாளர்களிடம் பேசுகையில் எழுபது வயது ஃபிராங்கின் கண்கள் கலங்கிக் கண்ணீர் வழிந்தது. லக்ராய்க்கு அவர்மேல் வருத்தமில்லை. தம் தந்தையே மேலாளராக இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார் என்றார்.