சலங்கை கட்டாத நான்கு மாதங்கள்

முதலில் ஒரு நாணய அளவு இடத்தில்தான் வலித்தது. கீழ்க்கால் எலும்பின் உள்ளோரம். விரலால் அழுத்தினால் உயிர் போகும், எடுத்தால் ஒன்றுமில்லை. பரதநாட்டியத்தைத் தொழிலாகக் கொண்டவளுக்குக் கால் வலி புதிதா என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஆடினேன். இரண்டு மணி நேர மார்க்கம் ஒன்றுக்கு, அதாவது முழு நடனக் கச்சேரிக்கு, நாள் குறித்திருந்தார்கள். அதற்காக ஒரே வாரத்தில் பயிற்சியை இரட்டிப்பாக்கினேன், அதுவும் சிமெண்ட் தரையில்.

படுத்த பிறகும் வலித்தபோதுதான் மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. அந்த நிம்மதியில் மேலும் பத்து நாள் ஆடியது பெரிய தவறு. எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்திருந்தது. இந்த வகை விரிசல் தொடக்கத்தில் எக்ஸ்ரேக்குப் பெரும்பாலும் அகப்படாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது. அடி வாங்கும் எலும்பு தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். அதற்கு நான் அவகாசமே தரவில்லை.

மருத்துவரின் அடுத்த கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?" ஐந்து மாதமாக வரவில்லை. ஆடுகிறவர்களுக்கு இது சகஜம் என்று நம்பியிருந்தேன். சகஜமே இல்லை. செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் நின்றுபோகலாம். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையக் குறைய எலும்பும் வலுவிழக்கும். மேடையில் மெலிந்து தெரிய இரவுச் சாப்பாட்டை விட்டவள் நான். ஆடுகிற பெண்களே, தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள்.

நிகழ்ச்சி கைவிட்டுப் போயிற்று, பணமும்தான். இந்தத் தொழிலில் ஆடினால்தான் வருமானம். உட்கார்ந்தபடி வகுப்பெடுத்துச் சமாளித்தேன்.

ஊன்றுகோலோடு குருவின் முன் போய் நின்றேன். "உட்காரம்மா, கால்தானே ஓய்வில் இருக்கிறது?" என்று நாற்காலியைக் காட்டிவிட்டுத் தாளம் தட்டும் தட்டுக்கழியை எடுத்தார். மார்க்கத்தின் நீண்ட உருப்படியான வர்ணத்தில் ஒரே ஒரு வரி. காத்திருக்கும் நாயகி கதவைப் பார்க்கும் இடம். இத்தனை வருடமும் அங்கே தலையைத் திருப்பிக் கையைக் காட்டிவிட்டு, அடுத்த ஜதியின் வேகக் காலடிகளுக்கு மூச்சைச் சேமித்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் அந்த அவசரம் இல்லை. கதவு அசைகிறது, அவன்தான் என்று நிமிர்கிறாள், காற்று என்று தெரிகிறது. அந்த மூன்றையும் கண்ணிலேயே கொண்டுவர ஏழு வாரம் பிடித்தது. ஒரு நாள் குரு தட்டுவதை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மாதம் கழித்து, காலைத் தட்டி ஆடும் அடிப்படை அடவான தட்டடவு. மெதுவான முதல் காலம் மட்டும், மரத்தளத்தில், பத்து நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலித்தால் அன்று அதோடு சரி. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மீண்டும் மேடையேறியபோது வர்ணத்தில் அந்த வரி வந்தது. கதவைப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர், யார் வருகிறார்கள் என்று தானும் திரும்பிப் பார்த்தார்.